பாப்பாவின் விரலும் டிவீட்டரும்: நடக்கத் தொடங்கிய குழந்தையிடமிருந்து ஒலிக்கருவிகளைக் காப்பது எப்படி?

பின்னிரவுப்பாட்டு (சென்னை)
வெள்ளி, இரவு 11:08

என் மகளுக்கு 14 மாதம். சென்ற வாரம்தான் சுவரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள். இன்று காலை என் இடப்பக்க ஸ்பீக்கரின் டிவீட்டர், அதாவது உச்ச ஒலிகளை எழுப்பும் சின்னக் குமிழ், உள்ளே போய்விட்டது.

நேரில் பார்த்தேன், அதுதான் கொடுமை. பல் தேய்த்துக்கொண்டு நின்றேன், வாய் நிறைய நுரை. அவள் ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றாள். அந்தக் கறுப்புக் குமிழைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு உளுந்து வடைக்குத் துளை போடுகிற பாட்டியைப்போல, அவசரமே இல்லாமல், ஆள்காட்டி விரலை நடுவில் வைத்து அழுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த ஸ்பீக்கரை நோக்கி நடந்தாள். அதைத்தான் காப்பாற்ற முடிந்தது.

விவரம்: தரையில் நிற்கும் ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம், 20 கிலோ. 25 மில்லிமீட்டர் பட்டுத்துணி டிவீட்டர். ஆம்ப்ளிஃபையரும் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளும் முழங்கால் உயர மரப் பலகை ஒன்றின் மேல் இருக்கின்றன. வாடகை வீடு. சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடித்தது போல.

குழியை வெளியே எடுக்க வழி உண்டா? இனி நடக்காமல் எப்படித் தடுப்பது? "விற்றுவிடு" என்ற யோசனையை என் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள், அதை இங்கே மறுபடியும் சொல்ல வேண்டாம்.

---

ஊசிமுனை (மதுரை)
வெள்ளி, இரவு 11:20

நடந்ததற்கு வாழ்த்துகள். நடந்ததற்கு அனுதாபங்கள்.

---

சாலிடர்கை (சென்னை)
வெள்ளி, இரவு 11:51

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன். வேக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ரிச்சி தெரு வட்டாரத்தில் 30 ஆண்டுகளாகப் பழுது பார்க்கிறேன். குழாயை நேராக வைத்து உறிஞ்சியதில் குமிழோடு அதன் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளும் சேர்ந்து பிய்ந்துவந்த டிவீட்டர்களை மேசையில் வாங்கி வைத்திருக்கிறேன்.

பட்டுத்துணி என்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். துணி மடங்கினாலும் திரும்பும். ஒரு துண்டு செல்லோடேப்பை விரலில் சுற்றி, ஒட்டும் பக்கத்தை முதலில் உங்கள் சட்டையில் இரண்டு முறை ஒற்றி அதன் பிடிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு குழியின் நடுவில் மெல்லத் தொட்டு நேராக வெளியே இழுங்கள். சாய்த்து இழுக்கக் கூடாது. சில குமிழ்களின் மேல் பிசுபிசுவென்று ஒரு பூச்சு இருக்கும். உங்களுடையது அப்படி இருந்தால் டேப் பூச்சை உரித்துவிடும், கை வைக்காதீர்கள்.

டேப்புக்கு மசியாவிட்டால் டிவீட்டரைக் கழற்ற வேண்டிவரும். நான்கு ஸ்க்ரூதான். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது காந்தம் என்பதை மறக்கக் கூடாது. இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஸ்க்ரூவிலிருந்து நழுவினால் அது உங்கள் பேச்சைக் கேட்காது, நேராகக் குமிழுக்குத்தான் பாயும். பாப்பா போட்டது குழி. நீங்கள் போடப்போவது ஓட்டை. இடது கையால் குமிழை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அலுமினியம், டைட்டானியம் குமிழ் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். உலோகத்தில் விழுந்த மடிப்பு முழுதாகப் போகாது. பெரிலியம் என்றால் தொடவே வேண்டாம், உடைந்த தூள் நுரையீரலுக்கு நஞ்சு. வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய கோனின், நடுவில் இருக்கும் தூசி மூடி உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் அது பார்வைக்குத்தான் குறை, பாட்டுக்கு இல்லை.

---

ஊசிமுனை (மதுரை)
சனி, காலை 6:40

முன்பக்கத்தை மூட கிரில் என்று ஒரு பொருள் ஸ்பீக்கரோடு வருமே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை? அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதா?

---

பின்னிரவுப்பாட்டு (சென்னை)
சனி, காலை 7:02

பரணில் இருக்கிறது. கிரில் போட்டால் ஒலி மந்தமாகிறது அண்ணா.

சாலிடர்கை ஐயா, உங்கள் சொல்படி டேப் வைத்தேன். மூன்றாவது முறை "பொக்" என்று வந்துவிட்டது! விளிம்பில் மயிரிழை போல ஒரு சுருக்கம் மட்டும் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

---

சாலிடர்கை (சென்னை)
சனி, காலை 9:15

தெரியாது. தெரிந்தால் மேல்தட்டு ஒலியில் ஒரு கீறல்போலத் தெரியும். விட்டுவிடுங்கள்.

கிரில் விஷயத்தில் நான் ஊசிமுனை பக்கம். துணி கிரில் போட்டால் உச்ச அதிர்வெண்களில் ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் மாறலாம். குழி விழுந்த டிவீட்டரில் அதைவிட அதிகம் மாறும். ஆனால் துணி கிரில் விரலுக்கு வேலியே அல்ல, பார்வைக்குத்தான் வேலி. குமிழ் கண்ணில் படாவிட்டால் பாதி ஆசை அடங்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற மரச்சட்டத்தின் பின்பக்கம் துளையிட்ட மெல்லிய எஃகுத் தகட்டை ஒட்டிவிட்டால் வேலி உறுதியாகிவிடும். தகட்டில் பாதிக்குமேல் துளையாகவே இருக்க வேண்டும்.

---

மூன்றுசுட்டி (திருச்சி)
சனி, பகல் 1:30

இந்த இழையை என் கணவர் எனக்கு அனுப்பினார். மூன்று பிள்ளைகளின் தாய் என்ற தகுதியில் எழுதுகிறேன், ஒலி பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

தம்பி, ஒரு மீட்டர் உயரம், 20 கிலோ, நடக்கத் தொடங்கிய குழந்தை என்று எழுதிவிட்டு டிவீட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அவள் இப்போது குத்துகிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் பிடித்து ஏறுவாள். என் இரண்டாவது மகன் 16 மாதத்தில் டிவி மேசையின் இழுப்பறையைப் படிக்கட்டாக்கியவன். அப்போது டிவியைப் பிடித்தது நான் அல்ல, சுவரோடு கட்டியிருந்த பட்டை.

அடுத்து, துளை. உங்கள் ஸ்பீக்கரில் காற்றுத்துளை முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? எங்கள் வீட்டு ஸ்பீக்கர் ஒரு முறை ஆறு மாதம் கடகடவென்று இரைந்தது. வூஃபர் போய்விட்டது என்று என் கணவர் துக்கம் காத்தார். கடைசியில் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சொப்புப் பானை, இரண்டு சொப்புக் கரண்டி, ஒரு சாக்பீஸ், பாதி முறுக்கு. முழுச் சமையல்.

---

தராசுத்தட்டு (கோயம்புத்தூர்)
சனி, மாலை 5:12

சகோதரி சொன்னதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எட்டாம் வகுப்பு நெம்புகோல் பாடம் போதும்.

ஸ்பீக்கர் 20 கிலோ, அகலம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் கை எட்டும் உயரம் 70 சென்டிமீட்டர். பக்கவாட்டில் சாய்க்க வேண்டுமென்றால், எடையைப் பாதி அகலத்தால் பெருக்கி உயரத்தால் வகுக்க வேண்டும்: 20 × 10 ÷ 70. விடை 2.9 கிலோ. முன்னோக்கி இழுத்தால், ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால், 4.3 கிலோ. இழுப்பு இந்த அளவைத் தொட்டதும் ஸ்பீக்கரின் ஒரு விளிம்பு தரையை விட்டு எழும்பும். அங்கிருந்து சாயச் சாய இழுப்பு குறைவாகவே தேவைப்படும்.

ஒரு வயதுக் குழந்தை ஒன்பது பத்துக் கிலோ இருக்கும். "20 கிலோ, அசைக்கவே முடியாது" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு முறை வீட்டில் சோதித்துப் பாருங்கள். ரயில் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் தொங்கு தராசு போதும். ஸ்பீக்கரைச் சுற்றி 70 சென்டிமீட்டர் உயரத்தில் கயிறு கட்டிக் கொக்கியை மாட்டி இழுங்கள். இன்னொருவர் ஸ்பீக்கரைத் தாங்கிக்கொண்டு நிற்கட்டும்.

---

டொராண்டோகுளிர் (கனடா)
சனி, இரவு 9:48

இங்கே பிள்ளை பிறக்கும் முன்பே அலமாரிகளைச் சுவரோடு இணைத்துவிடுவார்கள். பக்கத்து நாடான அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் இதற்கென்றே ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. டிவி, இழுப்பறை மேசை, புத்தக அலமாரி எல்லாவற்றையும் சுவரோடு கட்டுங்கள் என்பதுதான் அதன் செய்தி. பட்டையும் இரண்டு ஸ்க்ரூவும் சேர்ந்து ஒரு சாப்பாட்டு விலைகூட ஆகாது.

வாடகை வீடு என்று மலைக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் இரண்டே இரண்டு துளைக்கு அனுமதி கேளுங்கள். காலி செய்யும்போது மக்கு வைத்துப் பூசினால் இடமே தெரியாது.

---

பின்னிரவுப்பாட்டு (சென்னை)
ஞாயிறு, காலை 8:26

தொங்கு தராசு வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் 2.8 கிலோவில் தூக்கியது. முன்பக்கம் 4.1. வாய் அடைத்துவிட்டது. பாப்பாவின் எடை 9.4.

இப்போதைக்கு இரண்டையும் படுக்கையறையில் படுக்க வைத்துவிட்டேன். கூடத்தில் பூட்டிய கோயில்போல அமைதி. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள்.

---

பேரன்வந்தால் (கும்பகோணம்)
ஞாயிறு, காலை 10:05

எனக்கு வயது 71. இந்த விவாதத்தில் ஒரு மாற்றுக் குரல்.

1980-களில் எங்கள் வீட்டில் ஒரு கேசட் டெக் இருந்தது. என் மகன் இரண்டு வயதில் ஒரு 60 நிமிடக் கேசட்டை உருவினான். ஒரு கேசட்டுக்குள் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். திண்ணையில் தொடங்கிக் கொல்லைவரை போயிருந்தது. நான் அடிக்கவில்லை. ஓர் அறுகோணப் பென்சிலைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நாடாவை முறுக்கு நீவி நான் கொடுக்க, அவன் சுற்றினான். ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. அதன்பிறகு அவன் கேசட்டைத் தொடவில்லை. சலித்துவிட்டது.

தொடாதே தொடாதே என்றால் தொடத்தான் தோன்றும். வெண்ணெயை உறியில் வைத்துப் பார்த்த யசோதைக்கே முடியவில்லை. கொலுவுக்கு ஒன்பது நாள் பொம்மைகளைத் தரையோடு வைத்து வளர்ந்த பிள்ளைகள்தானே நாமெல்லாம்? "கண்ணால் பார், கையால் தொடாதே" என்று சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தார்கள்?

---

மூன்றுசுட்டி (திருச்சி)
ஞாயிறு, பகல் 12:17

ஐயா, உங்கள் மகனுக்கு அப்போது இரண்டு வயது. இந்தப் பாப்பாவுக்கு 14 மாதம். இந்த வயதில் "வேண்டாம்" என்ற சொல் காதில் விழும், கையில் விழாது. கொலுவில் எங்கள் வீட்டில் வருடம் ஒரு செட்டியார் தலையில்லாமல் நின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் யார் தலைமேலும் விழவில்லை என்பதால் கதையாகச் சொல்ல முடிகிறது.

---

பேரன்வந்தால் (கும்பகோணம்)
ஞாயிறு, பகல் 12:40

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. விழும் பொருளுக்கு என் வாதம் செல்லாது. கெடும் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

நேர்க்கோடு (சேலம்)
ஞாயிறு, மாலை 4:33

எதற்கு இத்தனை பாடு? மூன்று வருடம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை அலமாரி உச்சியில் வையுங்கள். பள்ளிக்குப் போனதும் எடுக்கலாம்.

---

ஊசிமுனை (மதுரை)
ஞாயிறு, மாலை 4:50

மூட்டை கட்டினால் அந்த மூன்று வருடமும் அந்தக் குழந்தை எதைக் கேட்டு வளரும்? என் மகள் இன்று வீணை கற்கிறாள். தொட்டிலில் கிடந்தபோது என் இசைத்தட்டுகளைக் கேட்டாள். அதனால்தான் கற்கிறாள் என்று சாதிக்கமாட்டேன். ஆனால் மூட்டையை வைத்துக்கொண்டு யாரும் கற்றதில்லை.

டர்ன்டேபிளுக்கு என் அனுபவம். அதன் கை நீளமாக எஸ் வடிவில் வளைந்திருந்தால், நுனியில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கும் தலைப்பகுதியைத் திருகு வளையத்தைத் தளர்த்தித் தனியே கழற்றலாம். கேட்டு முடித்ததும் கழற்றி டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிடுவேன். நேர்க்கையாக இருந்தால் ஊசியை மட்டும் உருவலாம், காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ் என்றால் ஊசி முன்பக்கமாகக் கழன்று வந்துவிடும். சுருள் அசையும் வகையில் அப்படிச் செய்ய முடியாது, அதனால் பிள்ளை வளரும்வரை அதை வாங்காமல் இருப்பது உத்தமம். அந்த ஊசி தட்டின் மேல் உட்காரும் அழுத்தமே ஒன்றரை இரண்டு கிராம்தான். ஒரு குழந்தையின் அன்புக்கு அது தாங்காது.

இயலுமானால் டர்ன்டேபிளைச் சுவர்ப் பலகையில் ஐந்தடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். பாப்பா குதிக்கும்போது ஊசி தாவாது என்பது கூடுதல் லாபம். அவர் வீட்டுக்காரர் விடமாட்டார் என்பது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

---

சுடுவால்வு (பெங்களூரு)
ஞாயிறு, இரவு 8:19

என்னிடம் இருப்பது வால்வு ஆம்ப்ளிஃபையர், மேலே கண்ணாடிக் குழாய்கள் ஒளிரும் வகை. மேலே போட்டிருந்த கூண்டை அழகுக்காகக் கழற்றி வைத்திருந்தேன். மகன் தவழத் தொடங்கிய அன்றே மாட்டினேன். வேலை செய்யும்போது அந்தக் கண்ணாடி 150 டிகிரிக்கு மேல் சுடும், உள்ளே 300, 400 வோல்ட் ஓடும். அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மிச்சம் நிற்கும். கூண்டின் கம்பி இடைவெளி குழந்தை விரலைவிடக் குறுகலாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், என்னுடையதில் இல்லை. இரண்டாவது வலை ஒன்று அடித்தேன்.

ஒளிர்கிற பொருள் எதுவும் பிள்ளைக்கு அகல் விளக்குப்போல. போய்த் தொட்டுவிட்டுத்தான் வருவான்.

---

சாலிடர்கை (சென்னை)
திங்கள், காலை 11:02

ஆம்ப்ளிஃபையர் பேச்சு வந்துவிட்டதால் நானும் சொல்கிறேன்.

பழுதுக்கு வரும் டிவீட்டர்களில் குழி விழுந்ததைவிட எரிந்துபோனது அதிகம். காரணம் வால்யூம் குமிழ். ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கும்போது குழந்தை அதைக் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டுப் போகும். மாலையில் அப்பா வந்து பவர் பொத்தானை அழுத்துவார். ஆம்ப்ளிஃபையர் தன் சக்தியை மீறும்போது அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, அந்த வெட்டு முழுதும் உயர் அதிர்வெண்ணாக டிவீட்டரின் சுருளுக்குப் போகும். தலைமயிர் அளவுக் கம்பி அது, எரிந்துவிடும்.

திரையில் பட்டியல் காட்டும் ரிசீவர் என்றால் உச்ச வால்யூமுக்கு எல்லை வைக்கலாம், ஆன் செய்யும்போது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்றும் வைக்கலாம். சிலவற்றில் முன்பக்கப் பொத்தான்களையே பூட்டலாம். சாதாரண ஆம்ப்ளிஃபையருக்கு என் வைத்தியம் வேறு. குமிழைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலும் நேராக இழுத்தாலே வந்துவிடும், சிலவற்றில் பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ இருக்கும். உள்ளே ஆறு மில்லிமீட்டர் தண்டு மட்டும் நிற்கும். பிஞ்சுக் கைக்கு அதைத் திருப்புவது கடினம். கேட்கும்போது மாட்டிக்கொள்ளுங்கள். குமிழை மட்டும் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

அலமாரிக்குள் பூட்டுவதென்றால் கண்ணாடிக் கதவு வேண்டாம், வெந்துவிடும். பிரம்புப் பின்னல் கதவு போடுங்கள். காற்றும் போகும், ரிமோட்டும் வேலை செய்யும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். மேலே நான்கு விரல் இடமாவது விட வேண்டும்.

---

டொராண்டோகுளிர் (கனடா)
திங்கள், இரவு 10:30

ஸ்பீக்கர் கம்பியின் நுனியில் வாழைப்பழ பிளக் போட்டிருப்பவர்கள் கவனியுங்கள். அது நான்கு மில்லிமீட்டர் பருமன். ஐரோப்பாவில் இரண்டு முள் பிளக்கின் முள்ளும் அதே பருமன், அங்கே அது சுவர் சாக்கெட்டுக்குள் கச்சிதமாகப் போய்விடும் என்பதால்தான் புது ஸ்பீக்கரின் பின்னால் இணைப்புத் துளைகளை அடைத்துப் பிளாஸ்டிக் மூடி வைத்து அனுப்புகிறார்கள். நம் ஊர் வட்ட முள் சாக்கெட்டிலும் அது போகும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து உருவி எடுத்த கம்பியைக் குழந்தை எங்கே செருகிப் பார்க்கும் என்று யோசியுங்கள், அதுவும் முழங்கால் உயர சாக்கெட்டில்.

---

தராசுத்தட்டு (கோயம்புத்தூர்)
செவ்வாய், காலை 7:15

சரியான எச்சரிக்கை. கம்பியின் அந்த நுனியைப் பிளக் இல்லாமல் ஸ்க்ரூவில் நேரடியாக முறுக்கிவிட்டால் உருவ வராது. உள்ளே தடுப்பு மூடியுள்ள சாக்கெட் மாற்றுங்கள். மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லியாம்பியர் கசிவு பிரேக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள்.

வாடகை வீட்டுக்காரருக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. துளை போட வேண்டியது சுவரில் அல்ல, கடப்பா கல்லில்.

45 சென்டிமீட்டர் சதுரம், 2 சென்டிமீட்டர் கனம். ஏறத்தாழ 11 கிலோ வரும். ஸ்பீக்கரின் அடியில் முள் மாட்ட நான்கு மரைத்துளை இருக்கும். அதே இடத்தில் கல்லில் நான்கு துளை போட்டு அடியிலிருந்து போல்ட் போட்டு முடுக்குங்கள். போல்ட் தலை பதிய அடியில் குடைந்துகொள்ளச் சொல்லுங்கள், கல்லுக்குக் கீழே ரப்பர் ஒட்டுங்கள். இப்போது கணக்கு: 31 × 22.5 ÷ 70. ஏறத்தாழ 10 கிலோ. எல்லாத் திசையிலும்.

கல்லின் மேல் ஸ்பீக்கரைச் சும்மா வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டும் ஒரே பொருளாக முடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டாண்டில் சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டின் குழாயில் மணல் நிரப்பலாம். ஆற்று மணலைக் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். கடல் மணல் உப்பு, துரு ஏறும்.

---

மூன்றுசுட்டி (திருச்சி)
செவ்வாய், பகல் 2:44

எல்லோரும் பெரிய பொருளையே பேசுகிறீர்கள். நான் பயந்தது சின்னதற்கு.

ஒட்டும் காந்தம் வைத்த கிரில் என்றால் காந்தம் கழன்றிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து நடுவிலிருக்கும் சதையைத் துளைத்துவிடும்.

அட்டைபோல மெல்லிய ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி அதைவிட மோசம். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். உணவுக்குழாயில் சிக்க இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்துவிட்டு எக்ஸ்ரே இருக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறைவரை. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. தேனுக்காக நின்று நேரத்தைக் கடத்தவும் கூடாது.

எங்கள் வீட்டில் அந்த ரிமோட்டின் மூடியை நான் டேப் போட்டுச் சுற்றிவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

---

மட்டுறுத்துநர்
செவ்வாய், மாலை 6:00

மேலே உள்ள பதிவை இழையின் முகப்பில் பொருத்தியிருக்கிறேன். "பழைய கிரில் விற்பனைக்கு" என்று வந்த இரண்டு பதிவுகளை விற்பனைப் பகுதிக்கு மாற்றிவிட்டேன்.

---

பின்னிரவுப்பாட்டு (சென்னை)
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:12

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

கடப்பா கல் இரண்டு அறுத்துவந்தாயிற்று. கல் கடைக்காரர் என்ன சாமிக்குப் பீடம் என்று கேட்டார். ஓரங்களை உருட்டித் தரச் சொன்னேன், இல்லாவிட்டால் பாப்பா விழும்போது நெற்றிக்கு ஆகாது. போல்ட் போட்டு முடுக்கித் தொங்கு தராசை மாட்டினேன். பக்கவாட்டில் 9.6 கிலோவுக்குத்தான் ஓரம் எழும்பியது. பாப்பாவும் சும்மா இல்லை, எடை 9.7 ஆகிவிட்டாள். ஆகவே வீட்டுக்காரரை மறுபடியும் பிடித்து, கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, இரண்டு துளைக்கு அனுமதி வாங்கிவிட்டேன். பட்டையும் கட்டியாயிற்று.

பரணிலிருந்து கிரில் இறங்கியது. ஊசிமுனை அண்ணா சொன்ன தலை கழற்றும் வித்தை எனக்குப் பழகிவிட்டது. ஆம்ப்ளிஃபையரின் குமிழைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். பேரன்வந்தால் ஐயாவின் பென்சில் கதையை நினைத்து, ஓடாத பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றின் கம்பியை வெட்டி, பேட்டரி எடுத்து, குட்டிக் குமிழ்களையும் பிடுங்கிவிட்டு அவளுக்கென்று கொடுத்தேன். பொத்தான்களை நாள் முழுதும் அழுத்துகிறாள். என் சாமான் பக்கம் வருவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஒரே ஒரு குறை. நேற்றிலிருந்து இடது ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் "டர்ர்" என்று ஓர் அதிர்வு. கல்லில் முடுக்கியதில் ஏதாவது தளர்ந்திருக்குமா? சுருள் உரசுகிறதா?

---

சாலிடர்கை (சென்னை)
ஞாயிறு, இரவு 10:40

போல்ட்டை ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள். பிறகு கோனை நான்கு விரலால் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். உரசல் விரலில் தெரியும். உரசினால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

---

மூன்றுசுட்டி (திருச்சி)
ஞாயிறு, இரவு 10:43

காற்றுத்துளைக்கு வலை போட்டீர்களா?

---

பின்னிரவுப்பாட்டு (சென்னை)
ஞாயிறு, இரவு 10:45

அது பின்பக்கம் இருக்கிறது அக்கா, சுவருக்கு ஓர் அடி தள்ளி. அங்கே அவள் போகமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

---

மூன்றுசுட்டி (திருச்சி)
ஞாயிறு, இரவு 10:46

கையை விடுங்கள்.

---

பின்னிரவுப்பாட்டு (சென்னை)
ஞாயிறு, இரவு 11:31

வூஃபரைக் கழற்ற வேண்டியதாயிற்று. பஞ்சுக்குள் சிக்கியிருந்தது. சொப்பு இல்லை.

வால்யூம் குமிழ். இரண்டு நாளாக அதைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம்.